பத்து வரிக்குள்

பள்ளியில் கொடுத்த தாளில் நான்கு கட்டம்.
என்ன. எப்போது. எங்கே.
கடைசிக் கட்டம் கொஞ்சம் பெரியது:
உங்கள் வீட்டார் என்ன உணர்ந்தார்கள்?
பத்து வரிக்குள்.

ஜெமிமா சமையலறைத் தரையில்
காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறாள்.
மாகிமில் எங்கள் வீட்டுச் சன்னலை
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை
ரயில் வந்து ஆட்டிவிட்டுப் போகும்.
பென்சிலைத் தூக்கிக் காத்திருந்து
போனதும் வைக்கிறாள்.
பிறந்ததிலிருந்து பழக்கம்.

இரண்டாயிரத்து ஆறு, ஜூலை பதினொன்று.
செவ்வாய், சாயங்காலம்.
மேற்கு லைனில் ஏழு ரயில், பதினோரு நிமிடம்.
மூன்று கட்டம் நிறைந்துவிட்டது.

'அப்ப நான் எங்க இருந்தேன்?'
நீ இல்லை.
'இல்லைன்னா, எங்க?'

பதிலுக்கு நிற்காமல் அடுத்தது:
'யாரு பண்ணினாங்க?'
கோர்ட் ஒருமுறை இவர்கள்தான் என்றது,
வருஷங்கள் கழித்து
இன்னொரு கோர்ட் இவர்கள் இல்லை என்றது.
தெரியவில்லை என்று எழுது.
'தெரியலைன்னு எழுதினா மார்க் குறைப்பாங்கம்மா.'

எதுக்குள்ள வச்சிருந்தாங்க என்றாள்.
அன்றைய பேப்பர்கள் எழுதியதை
நான் சொல்லவில்லை.
அடுப்பில் பருப்புக்கு இரண்டாவது விசில்.
பைக்குள், என்றேன்.

'அந்த ரயிலெல்லாம் இப்பவும் ஓடுதா?'
தெரியாது.
நாமே ஏறியிருப்போமோ என்னவோ.

மறுநாள் லீவு விட்டார்களாம் என்று
அவளாகவே எழுதிவிட்டாள்.
இல்லை ஜெமி, மறுநாள் காலை ரயில் ஏறினோம்.
டிவியில் அதற்குப் பெரிய பெயர் வைத்தார்கள்.
'தைரியமா?'
போகாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
லீவை அழித்துவிட்டுத் தைரியம் என்று எழுதினாள்.
சம்பளம் கட்டத்துக்குள் கொள்ளவில்லை.

கடைசிக் கட்டம்.
பயந்தோம் என்று போடு.
'அத எல்லாரும் போடுவாங்க.'

அப்போது மலாடில் இருந்தோம்.
உன் சாலமோன் மாமா
சர்ச்கேட்டில் வண்டி ஏறப்போவதாகச் சொன்னதோடு சரி,
அதற்கப்புறம் எந்த போனும் போகவில்லை.
கூப்பர் ஆஸ்பத்திரி வராந்தாவில்
மழை சொட்டுகிற துப்பட்டாவோடு வரிசையில் நின்றேன்.
ஒரு பையன், என்னைவிடச் சின்னவன்,
துணியின் முனையைத் தூக்கினான்.
சட்டை அதே நீலம்.
கடிகாரம் வலது கையில்.
சாலமோன் இடது கையில் கட்டுவான்.

இல்லை, என்றேன். எங்களுடையது இல்லை.
ஸ்தோத்திரம் என்றும் சொன்னேன்,
சத்தமாக,
நன்றாகக் கேட்கும்படி.
எனக்குப் பின்னால் நின்றவள்
ஓர் அடி முன்னால் வந்தாள்.

இதில் எவ்வளவு சொன்னேன்?
துணியைச் சொல்லவில்லை. சட்டையையும்.
பாந்த்ராவிலிருந்து தண்டவாளத்தோரம் நடந்து
மாமா ராத்திரி ஒரு மணிக்கு வந்தார்,
முழங்கால்வரை சேறு,
வந்ததும் சோறு இருக்கா என்று கேட்டார்,
இதைச் சொன்னேன். சிரித்தாள்.
அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் தேடினேன்,
அங்கே அவர் இல்லை, அப்போது எனக்கு
சந்தோஷமாக இருந்தது,
இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் எழுதிக்கொண்டாள்.
பெரிய கட்டத்தின் நடுவில்,
பள்ளியில் கற்றுக்கொண்ட உருண்டை எழுத்தில்:
அம்மாவுக்குச் சந்தோஷம்.

ரப்பர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

'மாமா இல்லைன்னா
அங்க யாரும்மா இருந்தாங்க?'

சன்னல் ஆடத் தொடங்கியது.
பென்சிலைத் தூக்கிக்கொண்டாள்.
பன்னிரண்டு பெட்டியும் கடக்கிறவரை
எனக்கு நேரம் கிடைத்தது.

வண்டி போய்விட்டது.
பென்சில் இன்னும் மேலேயே இருக்கிறது.